பதின்மூன்றடி அறையில் பதினெட்டடித் திரை

அடுத்தவர் வீட்டைக் காலி செய்து கொடுப்பதிலேயே முப்பத்துநாலு வருஷம் போனவர் அவர். சாமான் ஏற்றக் கூப்பிட்டால், வாசற்படியில் கால் வைக்கும்போதே ஹாலை ஒரு பார்வை பார்ப்பார். கட்டிலுக்கு அடியில் ஒரு குனிவு, பரணுக்கு ஒரு நிமிர்வு. "ஒரு நடை" என்பார். வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வராது. தெரியாமல் இன்னொரு வண்டிக்கும் சொல்லி வைப்பார். அந்த இன்னொரு வண்டி கடைசிவரை தெருமுனையில் ஈ ஓட்டிக்கொண்டு நிற்கும். இப்படித்தான் அவருக்கு ஒருநடை மேஸ்திரி என்று பேர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் அட்டையில் மட்டும் இருந்தது.

அந்தப் பேரில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. முழங்கால் இரண்டும் தேய்ந்து தொழிலை விட்ட பிறகும், தெருவில் யாராவது சாமான் ஏற்றினால் நடை நின்றுவிடும். "பீரோவை வெறும் பீரோவா ஏத்துறியே, உள்ள தலையணையத் திணிடா" என்று கேட்காமலே யோசனை சொல்வார். முன்பு அவரிடம் வேலை செய்த ஆட்களாக இருந்தால் சிரித்துக்கொண்டே செய்வார்கள். புது ஆட்களாக இருந்தால் முறைப்பார்கள். இரண்டும் அவருக்கு ஒன்றுதான்.

அவர் மனைவி திரைச்சீலை தைப்பவள். ஜன்னல் திரை, வாசல் திரை, ஆஸ்பத்திரிக் கட்டில்களைச் சுற்றிப் போடும் பச்சைத் திரை. அந்தப் பக்கத்தில் தையலம்மா என்றால் அவள்தான். இரண்டு மாடியும் ஐந்து அறையுமாக இருந்த அவர்கள் வீட்டு ஹாலில் துணியை விரித்துப் போட்டு, முட்டிபோட்டு நகர்ந்து நகர்ந்து அளந்து வெட்டுவாள். ஒரே மகள் கல்யாணமாகி நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய் ஒன்பது வருஷமாகிவிட்டது. மிச்சமிருந்தது இரண்டு பேரும் நிறைய சுவர்களும்.

சின்ன வீட்டுக்குப் போகலாம் என்ற பேச்சை எடுத்தவள் அவள்தான்.

"காலையில அஞ்சு மணிக்கு விளக்குமாத்தை எடுக்கிறேன். மேல, கீழ, படிக்கட்டு எல்லாம் துடைச்சு முடிக்கிறப்ப பத்தாகுது. யாரு நடந்த அழுக்குங்க அது? மேல் ரூமுக்கு நீங்க போயி எத்தனை மாசமாச்சு?"

"ரூம்னு ஒண்ணு இருந்தா தூசி வரத்தான் செய்யும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஆளே இல்லாத ரூமைத் துடைச்சுத் துடைச்சு என் இடுப்பு போச்சு. அந்த அஞ்சு மணி நேரம் மிஷின் முன்னாடி உக்காந்தா ரெண்டு ஜோடி திரை முடியும். எனக்கு இனிமே தைக்கணும், அவ்வளவுதான். ஒரே ஒரு ரூம் இருக்கிற வீடா பாருங்க."

மேஸ்திரிக்குக் காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது. முப்பத்துநாலு வருஷமாக எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் கேட்க நினைத்து, கூலிக்கு வந்தவன் கேட்கக்கூடாது என்று விழுங்கிய கேள்வி ஒன்று அவர் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. 'இதையெல்லாம் எதுக்குய்யா வச்சிருக்கீங்க?' இப்போது அதைத் தன் வீட்டிலேயே கேட்கலாம். வாய்விட்டுக் கேட்டார். பதினாலு நாற்காலிகள் போயின. மூன்று பீரோக்கள் போயின. ஒருநாளும் திறக்காத பெட்டி ஒன்றைத் திறக்காமலே கொடுத்தார். "உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சா மனசு மாறும்" என்று அதற்கு விளக்கமும் சொன்னார்.

பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் அறை கிடைத்தது. பதின்மூன்றடி நீளம், பதினோரடி அகலம், ஓரத்தில் குளியலறை. அதை அளந்துவந்து, பழைய வீட்டு ஹாலின் நடுவில் சாக்பீஸால் அப்படியே வரைந்தார். அடுப்பு இங்கே, சுவரோடு மடிக்கிற கட்டில் இங்கே, ஜன்னலோரம் தையல் மிஷின். நாலு நாள் இரண்டு பேரும் அந்தக் கோட்டுக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். அவள் கால் கோட்டைத் தாண்டினால், "சுவத்துல மோதிட்ட, சுவத்துல மோதிட்ட" என்று கத்துவார்.

"மோதினா சுவருக்குத்தான் வலிக்கும்" என்பாள் அவள்.

நாலாம் நாள் அவள் கோட்டுக்குள் பெருக்கி முடிக்க எட்டு நிமிஷம்தான் ஆனது. விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே சிரித்தாள். "இது போதுங்க. இது போதும்." பழைய வீட்டை வாங்க ஒரு புரோக்கர் மூலம் ஆளும் வந்துவிட்டார். பத்திரத்தில் கையெழுத்து வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. அதற்கு இரண்டு வாரம் முன்பே மேஸ்திரி குடிபெயர்ந்துவிட்டார். அவருடைய பழைய ஆட்கள் வண்டியில் ஏற்றிவிட்டு, "மேஸ்திரி, இது ஒரு நடை இல்ல, அரை நடை" என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலியை ஒரு மெடல் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு மூன்று மாடி ஏறினார்.

புது அறையைப் பார்க்க யார் வந்தாலும் அவர் காட்டுகிற காட்டல் இருக்கிறதே! "கையை நீட்டினா டம்ளர். காலை நீட்டினா கதவு. உக்காந்த இடத்துலேருந்து எந்திரிக்காம டீ போடலாம், பாக்குறீங்களா?" என்று போட்டும் காட்டுவார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கொக்கி, ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு சாமான். இத்தனையும் இருந்தும் ஒரு சாமான்கூட இன்னொன்றை இடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை துணி வந்தது.

பள்ளிக்கூட அரங்கம் ஒன்றுக்கு மேடைத் திரை. இருபத்தாறு வருஷத் தையலில் தையலம்மா ஆசைப்பட்டுக் காத்திருந்த வேலை அது. எத்தனையோ ஜன்னலை மூடியிருக்கிறாள், மேடையை மூடியதில்லை. ரத்தச் சிவப்பில் வெல்வெட். ஒரு துண்டு பதினெட்டடி நீளம். இந்தப் பாதிக்கு எட்டு, அந்தப் பாதிக்கு எட்டு, ஆக பதினாறு துண்டுகளை வெட்டி இணைக்க வேண்டும். அடுத்த வியாழக்கிழமை மாட்டியாக வேண்டும். சனிக்கிழமை பிள்ளைகள் நாடகம். ஆள் உயரத்துக்கு நாலு சுருள்களை இரண்டு பேர் மூச்சு வாங்கக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

அவள் ஒரு சுருளின் முனையைப் பிடித்து உருட்டிவிட்டாள். துணி அறையைக் கடந்தது. எதிர்ச்சுவரில் முட்டியது. மேலே நகர இடமில்லாமல் மடிந்து அடுப்பின்மேல் ஏறி உட்கார்ந்தது.

"மிஷினுக்கு இடம் விட்டீங்க" என்றாள். "துணிக்கு?"

மேஸ்திரி டேப்பை எடுத்து அறையை மறுபடி அளந்தார். அதே பதின்மூன்றடிதான்.

அவர் செய்த தப்பு அவரைப்போல ஒருவர்தான் செய்ய முடியும். முப்பத்துநாலு வருஷமும் அவர் வீடுகளை மூட்டை கட்டிவைத்த நிலையிலேயே பார்த்துப் பழகியவர். மேசை என்றால் கால் கழற்றிய மேசை. கட்டில் என்றால் ஆள் படுக்காத கட்டில். இறக்கி வைத்துவிட்டு வண்டி ஏறிவிடுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் எதை எப்படி விரித்து வாழ்ந்தார்கள் என்று பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. மனைவியின் மிஷினையும் மூடி போட்டு அளந்தார். சாக்பீஸ் கோட்டுக்குள் இருந்த நாலு நாளும் அவள் ஒரு தையல்கூடப் போடவில்லை என்பது இப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. இருபத்தாறு வருஷம் பக்கத்திலேயே இருந்து பார்த்த வேலையை மறந்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வராந்தாவுல விரிக்கலாம்" என்றார்.

வெளியே மழை மூன்று நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. திறந்த வராந்தா முழுக்கச் சாரல். மொட்டை மாடியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"பழைய வீட்டுச் சாவி இன்னும் நம்மகிட்டதான இருக்கு" என்றார் அடுத்து. "வெள்ளிக்கிழமைக்கு நாள் கிடக்கு. ஹால்ல போட்டுத் தைச்சுடலாமே."

"இதை அங்க தைக்கலாம். அடுத்ததை?"

சாவிக்குப் போன கையை அவர் இறக்கினார்.

"தைக்கிறதுக்காகத்தாங்க இங்க வந்தோம். இங்க தைக்க முடியாதுன்னா இது எனக்கு வீடில்ல, படுக்கிற இடம். அதை இன்னைக்கே தெரிஞ்சுக்கிறது நல்லது."

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்பவள். எதையும் சொட்டுக் கணக்கில் பார்த்துப் பழகியவள். நனைந்த குடையோடு வாசலில் நின்று உள்ளே கால் வைக்க இடம் தேடினாள். நாலு சுருள்களும் கட்டில் இறங்கும் இடத்தில் படுத்திருந்தன.

"குடையை எங்க வைக்கிறது?"

"கதவுக்குப் பின்னாடி குடைக்கொக்கி இருக்கு பாரு" என்றார் மேஸ்திரி. அந்த நிலைமையிலும் அதைச் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை.

"இது வீடாப்பா, லாரியா?"

"லாரிதான்மா. கட்டு பிரிக்காத லாரி."

"சிரிக்காதீங்க. நேத்து போன்ல அம்மா குரலே சரியில்ல. இதோ பாக்குறேன்ல, துணியைப் பொணம் மாதிரி அடுக்கி வச்சிருக்கீங்க. அம்மா எங்க உக்காந்து வெட்டுவாங்க, உங்க தலைமேலயா?"

"வாயை அலம்பு. வெல்வெட்டைப் போயி பொணங்குற" என்றாள் தாய்.

"அம்மா, நான் சண்டைக்கு வரல. ரெண்டு பேருக்கும் வயசாச்சு, வேலை குறையணும், சரி. அதுக்கு ஒரு ரெண்டு ரூம் பாக்கக்கூடாதா? என்கூட வேலை செய்யிறவங்க கேக்குறாங்க, உங்கப்பாவுக்கு ஏதும் கஷ்டமான்னு. நான் என்னன்னு சொல்றது?"

"கஷ்டமில்ல, கொழுப்புன்னு சொல்லு" என்றாள் தாய்.

"சொல்லத்தான் போறேன். அப்பா, புரோக்கர் நம்பரைக் குடுங்க. விக்கலன்னு நானே சொல்லிடறேன். இன்னும் கையெழுத்து ஆகல. அட்வான்ஸ்கூட கை நீட்டி வாங்கல. இப்ப நிறுத்தினா யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க."

மேஸ்திரி சட்டைப்பையைத் தொட்டார். உண்மையைச் சொன்னால் அவருக்கும் அதுதான் சரியென்று பட்டுக்கொண்டிருந்தது. ஒருநடை என்று பேர் வாங்கியவன் ஏற்றிய சாமானைத் திருப்பி இறக்குவதா என்று ஒரு பக்கம் நெஞ்சு வெந்தது. இன்னொரு பக்கம், அவள் ஆசைப்பட்ட வேலை அடுப்பின்மேல் மடிந்து கிடந்தது கண்ணை விட்டுப் போகவில்லை. தன் பேரா, அவள் தையலா என்று வந்தால் பேரைத் தூக்கிப் போட அவர் தயார்தான்.

"குடுத்துடறேன்" என்றார்.

"இருங்க" என்றாள் மனைவி. "யாரும் யாருக்கும் போன் பண்ண வேணாம். புரோக்கருக்கு வியாழக்கிழமை மத்தியானம் சொன்னாப் போதும். அதுக்குள்ள இந்தத் திரை மேடையில தொங்கணும். கீழ்விளிம்பு நேரா நின்னுச்சுன்னா, வித்துடறோம். கோணிச்சுன்னா நானே விளக்குமாத்தைத் தூக்கிக்கிட்டு அந்த வீட்டுக்கு முதல் ஆளா போறேன். போதுமா?"

"எப்படிம்மா தைப்ப? அதைச் சொல்லு முதல்ல."

"தெரியாது. தெரிஞ்சா சொல்றேன்."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். போகும்போது அப்பாவைத் தனியாக மாடிப்படிக்குக் கூப்பிட்டு, "அம்மா பிடிவாதத்துக்கு நீங்களும் தாளம் போடாதீங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் கோபத்தைவிட பயம்தான் அதிகம் என்று மேஸ்திரிக்குத் தெரியும். "போய்ட்டு வாம்மா, வழுக்கும், பாத்து இறங்கு" என்றார்.

அவர் உள்ளே வந்தபோது மனைவி துவைத்த போர்வைகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். மழைக்காக மேஸ்திரி உத்தரத்துக்குப் பக்கத்தில் ஒரு கயிறு கட்டி, கப்பி வைத்து ஏற்றி இறக்குகிற மாதிரி செய்து வைத்திருந்தார். அவள் ஒரு போர்வையைக் கயிற்றில் போட்டு ஏற்றினாள். அது இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கியது. அண்ணாந்து பார்த்தாள். பிறகு கீழே தரையைப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த ரூம் உசரம் என்ன?"

"பத்தரை அடி. பழைய காலத்துக் கட்டடம்ல."

"நீளம் அகலம் எல்லாம் சொன்னீங்க, ஊருக்கெல்லாம் காட்டுனீங்க. உசரத்தை எங்கிட்ட சொல்லவேயில்லையே."

"உசரத்துல யாரு குடியிருக்கப் போறா?"

"திரை குடியிருக்கும்" என்றாள் அவள். "ஒன்பதடி உசரத்துல ஒரு குழாய் கட்டுங்க. இந்தப் பக்கம் தரையிலேருந்து ஏறி, குழாய் மேல விழுந்து, அந்தப் பக்கம் தரைக்கு இறங்கினா எத்தனை அடி?"

மேஸ்திரி மனக்கணக்குப் போட்டார். போட்ட கணக்கை நம்பாமல் விரலால் ஒருமுறை போட்டார்.

"பதினெட்டு" என்றார்.

"தொங்கப்போற துணிங்க அது. அதைப் படுக்கப்போட்டு ஏன் அளக்கணும்? இருபத்தாறு வருஷமா நானும் முட்டி தேயத் தேய தரையில அளந்திருக்கேன் பாருங்க, மடச்சி."

அன்று மாலைக்குள் இரும்புக் குழாய் வந்தது. இந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பீரோ தூக்கிய கயிறுகள், பியானோ இறக்கிய பட்டைகள், கப்பிகள் எல்லாம் ஒரு கொக்கியில் இருந்தன. அவற்றை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. உத்தரத்தின் இரண்டு கொக்கிகளிலிருந்து குழாயைத் தொங்கவிட்டு, ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நெல்முனை வித்தியாசம் இல்லாமல் மட்டம் பார்த்தார். மூன்று முறை பார்த்தார். "பருமனையும் கணக்குல சேருங்க, குழாயைச் சுத்தித்தான் துணி போகும்" என்றாள் அவள். நாலாவது முறையும் பார்த்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் வெட்ட ஆரம்பித்தார்கள். கட்டிலைச் சுவரோடு மடித்தாயிற்று. வெல்வெட் சமையல் வாசனையை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் அடுப்புக்கு விடுமுறை. ரொட்டியும் வாழைப்பழமும், கீழே கடையிலிருந்து டீயும். அவள் துணியின் முனையைக் கொடுப்பாள். அவர் குழாயை இறக்கி அதன்மேல் போட்டு, கயிற்றை இழுத்து ஏற்றுவார். அவள் முட்டி போடாமல், ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தரையை ஒட்டிச் சாக்பீஸ் கோடு போட்டு வெட்டுவாள்.

"இழுக்காதீங்க. அதுவா தொங்கட்டும். வெல்வெட்டு தன் கனத்துக்குக் கொஞ்சம் இறங்கும். இறங்கின பிறகுதான் கத்திரி வைக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு டீ குடிக்கிற நேரம்."

பதினாறு துண்டுக்குப் பதினாறு டீ குடிக்க முடியாது என்பதால் சில துண்டுகளுக்குச் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அப்படி எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசி நாளாகியிருந்தது. ஐந்து அறை வீட்டில் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதற்குள் தொண்டை வற்றிவிடும். இங்கே முணுமுணுத்தாலே பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை தைக்கத் தொடங்கினாள். இரண்டாவது இணைப்பு முடிந்து மூன்றாவதைத் தொடும்போது, புறங்கையால் துணியைத் தடவியவள் நிறுத்திவிட்டாள். வெல்வெட்டுக்குப் படிவு என்று ஒன்று உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிராகத் தடவினால் தடுக்கும். எல்லாத் துண்டும் ஒரே பக்கமாகப் படிந்திருக்க வேண்டும். ஒன்று தலைகீழானாலும் மேடை விளக்கில் அந்தப் பட்டை மட்டும் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

"ஏங்க, வெட்டினதையெல்லாம் எப்படி அடுக்குனீங்க?"

"எப்பவும் அடுக்குற மாதிரிதான். ஒண்ணு இந்தப் பக்கம் தலை, அடுத்தது அந்தப் பக்கம் தலை. அப்பத்தான் அடுக்கு சரியாம நிக்கும்."

"கண்ணாடி பீரோவுக்குப் போத்துற போர்வையைத்தான் அப்படி அடுக்கலாங்க. இது வெல்வெட்டு."

அவருக்குப் புரிந்தது. முகம் செத்துவிட்டது. எட்டு துண்டு தலைகீழாக இருந்தன. அதில் ஒன்று பதினெட்டடிக்கு இரண்டு பக்கமும் தைத்தும் ஆகிவிட்டது.

"திட்டு" என்றார்.

"திட்டினா தையல் பிரியுமா? கண்ணாடியைப் போடுங்க. ஊசியை இப்படிப் பிடிங்க. நூலை மட்டும் அறுக்கணும், துணியில படக்கூடாது. நான் மீதிக்கு மேல்பக்கம் வெள்ளை நூல் கட்டிடறேன். வெள்ளை நூல் எப்பவும் மேல. எத்தனை நூறு கட்டில் தூக்கின கை, இது தூக்காதா?"

மாமாங்கமாகக் கனத்தைத் தூக்கிய விரல்கள் தையல்நூலைத் தூக்கப் பட்ட பாடு! இருட்டுகிறவரைக்கும் உட்கார்ந்து, ஒரு இழைகூடக் கிழியாமல் முப்பத்தாறு அடியையும் அவரே பிரித்தார். நிமிர்ந்தபோது கழுத்து நிமிரவில்லை. அரை நாள் போயிருந்தது. ஆனால் அந்தக் கிழியாத துணியை மனைவியிடம் நீட்டும்போது, இரண்டு பியானோவை ஒரே வண்டியில் ஏற்றிய நாளில்கூட வராத ஒரு பெருமை வந்தது. அவள் தடவிப் பார்த்துவிட்டு, "தொழில் பழகிட்டீங்க" என்றாள்.

புதன்கிழமை முழுக்க மிஷின் ஓடியது. தைத்துச் சேரச் சேரத் துணி கனத்தது. அந்தக் கனம் ஊசியை இழுக்காதபடி, தைத்த பகுதியைக் குழாயில் போட்டு ஏற்றிவிட்டார் மேஸ்திரி. அவள் கால் பெடலில், அவர் கை கயிற்றில். "விடுங்க" என்றால் ஒரு சாண் விடுவார். "போதும்" என்றால் நிறுத்துவார். கடைசியில் இந்த "விடுங்க, போதும்" கூடத் தேவைப்படவில்லை. அவள் தோள் அசைவைப் பார்த்தே கயிறு இறங்கியது. அறை முழுக்கச் சிவப்பு. மடித்து மடித்து வைத்ததில், தைத்த திரையின் அகலம் என்ன, மொத்தமாக எப்படி இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

"கோணாதில்ல?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு துண்டும் ஒரே உசரத்துல தொங்கி வெட்டுனது. கோண முடியாது."

"முடியாதா?"

"முடியக்கூடாது" என்றாள். அப்போதுதான் அவளுக்கும் பயம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை பழைய ஆட்கள் இரண்டு பேர் வந்து திரையின் இரண்டு பாதியையும் மூட்டை கட்டி இறக்கினார்கள். "பாத்து, பாத்து, சுவத்துல உரசாம" என்று முன்னால் ஒரு படி, பின்னால் ஒரு படி ஓடினார் மேஸ்திரி. முழங்கால் வலி எங்கே போனதோ. மழை விட்டிருந்தது.

அரங்கத்தில் நாடகம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் காத்திருந்தாள். நெடுநெடுவென்று உயரம், கண்ணில் படாத குறை கிடையாது போலிருந்தது. "போன திரை பெரிய கம்பெனியில தைச்சதுங்க. கீழ்விளிம்பு அலை அலையா நிக்கும். பின்னாடி பசங்க காலெல்லாம் தெரியும். சபையே சிரிக்கும்" என்று வந்ததும் வராததுமாகச் சொன்னாள். கம்பத்தில் ஏறி மாட்டுகிறவர் வளையங்களை ஒவ்வொன்றாகக் கோர்த்தார். ஒரு மணி நேரம் ஆனது. தையலம்மா மேடைக்குக் கீழே, துணிக்கு ஒரு சாண் தள்ளி நின்று ஒவ்வொரு இணைப்பையும் தடவிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி திரையைப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தைரியமில்லை. அவர் மனைவியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூடுங்க" என்றாள் டீச்சர்.

இரண்டு பாதியும் கிறீச்சென்று நகர்ந்து நடுவில் சேர்ந்தன. டீச்சர் குனிந்தாள். தரைக்கும் திரைக்கும் நடுவில் விரலை விட்டாள். அப்படியே விரலை எடுக்காமல், மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குனிந்தபடியே நடந்தாள். அரங்கத்தில் அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு விரல்" என்றாள் நிமிர்ந்து. "ஆரம்பத்துலேருந்து கடைசிவரைக்கும் ஒரே விரல்."

மேஸ்திரிக்கு மூச்சு வந்தது. இப்போது பார்த்தார். சிவப்பு, ஒரே சிவப்பு, எங்கேயும் ஒரு பட்டை வெளுக்காமல், இணைத்த இடம் தெரியாமல், மேலிருந்து கீழே கொட்டிக்கொண்டு நின்றது. எத்தனையோ ஆயிரம் மூட்டையை இறக்கிவைத்தவர், ஒரு மூட்டை பிரிந்து இப்படி நிற்பதை நின்று பார்ப்பது இதுதான் முதல்முறை. கண்ணில் நீர் வந்தது. துடைக்கவில்லை. ஏன் துடைக்க வேண்டும்?

பள்ளிக்கூட ஸ்டோர் குமாஸ்தா ஒரு நோட்டோடு வந்தார். "பட்டறை விலாசம் சொல்லுங்க, பதியணும்."

"அறை எண் முப்பத்தொண்ணு, மூணாவது மாடி" என்றார் மேஸ்திரி.

"அது வீடு மாதிரி இருக்கே. பட்டறை எங்க?"

"அதுதான் வீடு, அதுதான் பட்டறை. பதின்மூணுக்குப் பதினொண்ணு. நல்லா கொட்டை எழுத்துல எழுதுங்க."

டீச்சர் திரும்பினாள். "பதின்மூணடியிலயா? அதுக்குள்ள இதை எப்படிம்மா விரிச்சீங்க?"

தையலம்மா திரையிலிருந்து கையை எடுத்தாள்.

"விரிக்கலம்மா" என்றாள். "நானே இப்பத்தான் பாக்கப்போறேன்."

சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பாமல், பின்பக்கமாகவே ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தாள். முதல் வரிசை நாற்காலிகளைத் தாண்டினாள். பத்தாவது வரிசையைத் தாண்டினாள். திரை அவள் கண்ணுக்குள் அடங்குகிறவரை போய்க்கொண்டே இருந்தாள். கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரில் முதுகு முட்டிய பிறகுதான் நின்றாள்.

மேஸ்திரியின் போன் அடித்தது. புரோக்கர். மத்தியானமாகிவிட்டது. நாளைக்குக் கையெழுத்து உறுதிதானா என்று கேட்டார்.

"விக்கிறோம்யா" என்றார் மேஸ்திரி, அரங்கமே கேட்கிற மாதிரி. "நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வந்து கையெழுத்து போடறோம். பேச்சு மாறாது."

மறுமுனையில் புரோக்கருக்குத் திருப்தி இல்லை. வீட்டம்மாவுக்கும் முழுச் சம்மதம்தானா என்று அந்தம்மா வாயாலேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன், போனைக் கொஞ்சம் கொடுங்கள் என்றார்.

மேஸ்திரி கடைசி வரிசையைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"இப்ப குடுக்க முடியாது" என்றார். "கொஞ்சம் வேலையா இருக்கா."